ஈயின் கண்ணில் நம் வீட்டு விளக்கு

நமக்கு நின்று எரியும் ஒளி, தேனீக்கும் ஈக்கும் விட்டுவிட்டு அடிக்கும் ஒளி. கூட்டுக்கண் ஒரு நொடியை எப்படிக் கூறுபோடுகிறது? அதற்கு என்ன விலை கொடுக்கிறது? விளக்கு வாங்கும் நாம் அதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒரு நொடியில் 100 தடவை மங்கி எழுகிறது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைந்து ஓடுவது. ஒவ்வொரு அலையிலும் இரண்டு தடவை அது சுழியைத் தொட்டுத் திரும்பும். தொடும்போதெல்லாம் விளக்கின் ஒளியும் தளரும். அந்த வெளிச்சத்தில்தான் நாம் படித்தோம், பரீட்சைக்குக் கண்விழித்தோம், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். அது மங்கியதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதே அறையில் சோற்றுத் தட்டைச் சுற்றிய ஈ அத்தனை மங்கலையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒளி நொடிக்கு 50, 60 தடவைக்கு மேல் சிமிட்டினால், பெரும்பாலோருக்கு அந்தச் சிமிட்டல்கள் கலந்து ஒரே வெளிச்சமாகிவிடும். சினிமா பிறந்ததே இந்த எல்லையை நம்பித்தான். பிலிம் காலத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடின. 24 தடவை மட்டும் ஒளி வெட்டினால் கண் உறுத்தும் என்பதால், புரொஜெக்டரின் ஷட்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று தடவை வெட்டிக் காட்டியது. 48 அல்லது 72 வெட்டுகள் ஆனதும் நம் கண் சமாதானமாகிவிட்டது. ஈயின் எல்லையோ 200-ஐத் தாண்டுகிறது. கொட்டகைக்குள் நுழைந்த ஈக்குத் திரையில் தெரிந்தது, படமும் இருட்டும் மாறி மாறி வரும் வரிசை.

வெளிச்சம் நின்று எரிகிறது என்பது நம் கண் சொல்லும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி ஊர் முழுக்க விளக்குகளை ஏற்றிவைத்திருக்கிறோம். அந்த வெளிச்சத்தில் வாழும் உயிர்களில் எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டம் பூச்சிகள். அவற்றின் கண் தரும் தீர்ப்பு வேறு. அது எப்படி வேறுபடுகிறது என்று தெரிந்துகொள்ள அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

ஹெர்ட்ஸின் மகள்

சிமிட்டலின் வேகத்தை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். நொடிக்கு 100 தடவை என்றால் 100 ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் சோதனையில் காட்டிய ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயர் அது. 1894-இல் தம் 36-ஆவது வயதில் அவர் இறந்தபோது, மகள் மத்தில்டே ஹெர்ட்ஸ் மழலை மாறாத குழந்தை.

வளர்ந்து சிற்பியாக வேலை பார்த்த மத்தில்டே, பிறகு விலங்குகளின் பார்வை பற்றிய ஆராய்ச்சிக்கு வந்தார். பெர்லினில் இருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில், தேனீக்களுக்குப் பல்வேறு உருவங்களைக் காட்டி எதை நாடுகின்றன என்று பார்த்தார். முழு வட்டம், முழுச் சதுரம் போன்ற மூடிய உருவங்களைத் தேனீக்கள் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஓரங்கள் உடைந்து கதிர்கதிராகப் பிரிந்த உருவங்களின் மேல் தாமாகவே வந்து இறங்கின. உருவத்தில் விளிம்புகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஈர்ப்பு.

இந்த நல்ல தொடக்கத்துக்கு அரசியல் குறுக்கே வந்தது. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், தந்தை வழியில் யூதத் தொடர்பு இருந்த காரணத்தால் மத்தில்டேயின் கற்பிக்கும் உரிமை பறிபோனது. மாக்ஸ் பிளாங்க் அவருக்காகப் பரிந்து பேசினார். ஆனாலும் அவர் நாட்டை விட்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதன்பின் அவருடைய ஆராய்ச்சி பழையபடி தழைக்கவே இல்லை. தந்தையின் பெயரிலான அலகால் அளக்க வேண்டிய ஒரு கேள்வியை மகள் திறந்துவைத்துவிட்டுப் போனார் என்பதை, பூச்சிகளின் பார்வையைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாது.

உடைந்த உருவங்கள் தேனீயை ஏன் இழுக்கின்றன? அதே காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேலை செய்த எர்ன்ஸ்ட் உல்ஃப் ஒரு விடை சொன்னார். தேனீ ஓரிடத்தில் நின்று பார்ப்பதில்லை, பறந்துகொண்டே பார்க்கிறது. கதிர்கதிரான உருவத்தின் மேல் பறக்கும்போது, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கண்ணைக் கடக்கின்றன. தேனீக்கு அந்த உருவம் ஒரு சிமிட்டல். அசையாத பூவும், பறந்து வரும் தேனீயின் கண்ணில் சிமிட்டுகிறது.

அப்படியானால் எவ்வளவு வேகமான சிமிட்டல் வரை தேனீக்குத் தெரியும்? கோடு போட்ட உருளையைச் சுழற்றி, தேனீ அதோடு சேர்ந்து உடலைத் திருப்புகிறதா என்று உல்ஃப் பார்த்தார். 1933-இல் அவர் வெளியிட்ட அளவு ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸ். மனிதக் கண்ணைப் போலத்தான் என்று முடிவாயிற்று. அந்த முடிவு நெடுங்காலம் நிற்கவில்லை.

கண்ணில் வைத்த கம்பி

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ்யோக்கெம் ஆட்ரும் வேறு வழியில் போனார். பூச்சி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக, கண்ணையே நேரடியாகக் கேட்டார்.

அந்தச் சோதனை இன்றும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. ஈயையோ தேனீயையோ மெழுகால் அசையாமல் பொருத்துவார்கள். முடியை விட மெல்லிய மின்முனை ஒன்று கண்ணின் பரப்பைத் தொடும், இன்னொன்று உடலில் செருகப்படும். கண்ணுக்கு நேரே ஒரு விளக்கு சிமிட்டும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கண்ணுக்குள் எழும் சிறு மின்னழுத்தம் பெருக்கப்பட்டு, அலைநோக்கித் திரையில் ஒரு மேடாக எழுந்து விழும். 20 ஹெர்ட்ஸில் மேடுகள் உயரமாகத் தனித்தனியே நிற்கும். வேகத்தைக் கூட்டக் கூட்ட மேடுகள் குட்டையாகி நெருங்கும். ஒரு கட்டத்தில் திரையில் மெல்லிய நடுக்கம் மட்டும் மிஞ்சும், அதன்பின் நேர்கோடு. நேர்கோடு வந்துவிட்டால் அந்தக் கண்ணுக்கு ஒளி நின்று எரிகிறது என்று பொருள்.

நீலநிற ஊது ஈயின் கண்ணிலும் தேனீயின் கண்ணிலும் அந்த நேர்கோடு எளிதில் வரவில்லை. 200 ஹெர்ட்ஸ் தாண்டியும், 300-ஐ ஒட்டியும் மேடுகள் எழுந்துகொண்டே இருந்தன. குச்சிப்பூச்சியின் கண்ணிலோ நம் கண்ணின் அளவைத் தாண்டாமலே கோடு நேராகிவிட்டது. ஆட்ரும் பூச்சிக் கண்களை ‘வேகக் கண்’ என்றும் ‘மெதுக் கண்’ என்றும் இரண்டாகப் பிரித்தார். சுறுசுறுப்பாகப் பறப்பவற்றுக்கு வேகக் கண், இலையோடு இலையாக ஒட்டி ஊர்பவற்றுக்கு மெதுக் கண். 1958-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில், தேனீ நடனத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் வகித்த இடத்துக்கு ஆட்ரும் வந்தார். பூச்சிக் கண்ணின் வேகம் அப்போது ஒரு தனித் துறையாகவே ஆகியிருந்தது.

சர்க்கரைத் தண்ணீரும் சிமிட்டும் திரையும்

கண் பதில் சொல்கிறது என்பதால் தேனீ பார்க்கிறது என்று ஆகிவிடாது. கண்ணுக்குள் எழும் மின்னழுத்தத்தை மூளை பயன்படுத்தாமல் விட்டிருக்கலாம். உல்ஃபின் 55-க்கும் ஆட்ருமின் 300-க்கும் நடுவே இருந்த அந்தப் பெரிய இடைவெளியை 1980-களில் சூரிச்சில் ஒரு ஜோடி ஆராய்ந்தது. ஒருவர் மிரியம் லேரர். மற்றவர் மந்தியம் ஸ்ரீனிவாசன். பெங்களூருவில் மின்பொறியியல் படித்து, இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றுப் பூச்சிப் பார்வைக்கு வந்தவர் அவர்.

அவர்கள் தேனீயைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்றே சொல்லலாம். ஒரு பக்கம் போனால் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும், மறு பக்கம் ஒன்றும் கிடைக்காது. எந்தப் பக்கம் என்பதை ஒளியின் சிமிட்டலோ கோடுகளின் அசைவோதான் காட்டிக்கொடுக்கும். வேறுபாடு தெரிந்தால் தேனீ சரியான பக்கம் போகும். தெரியாவிட்டால் பாதிக்குப் பாதி தவறும். 1984-இல் வெளியான அவர்களுடைய முடிவுகள், தேனீ ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸ் வரை மாற்றத்தை உணர்ந்து முடிவெடுக்கிறது என்று காட்டின. ஆக, கண்ணில் எழும் வேகம் மூளைக்கும் போய்ச் சேர்கிறது, பசியோடு வந்த தேனீ அதை வைத்து வழி தேர்ந்தெடுக்கிறது.

அடுத்த ஆண்டு அவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஒளி கூடிக் குறையாமல் இரண்டு நிறங்கள் மட்டும் மாறி மாறி வந்தால், தேனீயின் எல்லை ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. வெளிச்சத்துக்கு ஒரு வேகம், நிறத்துக்கு ஒரு வேகம். நிறத்தைப் பிரித்தறிய வெவ்வேறு செல்களின் பதில்களை மூளை ஒப்பிட வேண்டியிருக்கிறது. அந்த வேலை கூடுதல் நேரம் எடுக்கிறது.

இடத்தில் ஏழை, நேரத்தில் பணக்காரன்

கூட்டுக்கண் என்றதும், ஈக்கு ஒரே பொருள் ஆயிரம் உருவமாகத் தெரியும் என்று நினைக்கிறோம். அது தவறு. பழ ஈயின் ஒரு கண்ணில் ஏறக்குறைய 750 சிறுகண்கள், வீட்டு ஈயின் கண்ணில் 3,000-க்கும் மேல், தேனீக்கு 5,000 அளவில், பெரிய தும்பிக்கு 30,000 வரை. ஒவ்வொரு சிறுகண்ணும் தனக்கென்று ஒரு திசையை மட்டும் பார்த்து, அங்கிருந்து வரும் ஒளியை ஒரே புள்ளியாகப் பதிகிறது. வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் போல, எல்லாப் புள்ளிகளும் சேர்ந்தால் ஒரு காட்சி.

அந்தப் புள்ளிகள் நெருக்கமானவை அல்ல. தேனீயின் அடுத்தடுத்த சிறுகண்களுக்கு நடுவே ஏறக்குறைய 1 டிகிரி கோணம். நல்ல மனிதக் கண் ஒரு டிகிரியை 60 கூறாக்கிப் பார்க்கும். பூச்சி தன் லென்ஸ்களை இன்னும் சிறிதாக்கி நெருக்கினால் ஆகாதா? ஆகாது. லென்ஸ் சிறுத்தால் ஒளியின் அலைத்தன்மையால் உருவம் கலங்கிவிடும். நம் கூர்மை கிடைக்கும்படி ஒரு கூட்டுக்கண்ணைக் கட்டினால் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று 1976-இல் ஜெர்மானிய ஆய்வாளர் கூனோ கிர்ஷ்ஃபெல்ட் கணக்குப் போட்டார். வந்த விடை: குறுக்களவு ஒரு மீட்டர். தலையை விட நாலைந்து மடங்கு பெரிய கண்ணைச் சுமந்துகொண்டு யாரும் பறக்க முடியாது.

இடத்தின் நுணுக்கம் கைவிட்டுப் போன பிறகு, பூச்சிக்கு மிஞ்சிய வழி நேரத்தின் நுணுக்கம். ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். கறுப்புக்கோடு 1 டிகிரி, வெள்ளைக்கோடு 1 டிகிரி என்று அமைந்த ஒரு பரப்பை வைத்துக்கொள்வோம். பறக்கும் பூச்சியின் கண்ணில் அது நொடிக்கு 400 டிகிரி வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு சிறுகண்ணும் நொடிக்கு 200 தடவை இருட்டையும் வெளிச்சத்தையும் சந்திக்கும். நம் கண்ணுக்கு அது சாம்பல் நிற இழுப்பு. தேனீக்கு அது இன்னமும் கோடு. நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் செடிகொடிகளுக்கு நடுவே புகுந்து போகும் ஒரு பிராணிக்கு இந்த வேகம் ஆடம்பரம் இல்லை, உயிர் பிழைக்கும் வழி.

அதை ஸ்ரீனிவாசன் பின்னாளில் ஆஸ்திரேலியாவில் சகாக்களோடு அழகாகக் காட்டினார். தேனீக்களைக் குறுகலான சுரங்கப்பாதை வழியே பறக்கவிட்டார்கள். இருபுறச் சுவர்களிலும் கோடுகள். தேனீ சரியாக நடுவில் பறந்தது. ஒரு பக்கச் சுவரைத் தேனீ போகும் திசையிலேயே நகர்த்தியதும், அந்தச் சுவரின் கோடுகள் கண்ணில் மெதுவாக ஓடின. உடனே தேனீ அந்தச் சுவரை நோக்கி விலகிப் பறந்தது. இருபுறமும் காட்சி ஒரே வேகத்தில் ஓடும்படி பார்த்துக்கொள்வதுதான் அதன் நடுப்பாதை. தூரத்தை அளக்கவும், இறங்கும்போது வேகத்தைக் குறைக்கவும் இதே ஓட்டத்தைத்தான் தேனீ பயன்படுத்துகிறது. இந்தப் பாடத்தைப் பின்னர் ஆளில்லா விமானங்களை வழிநடத்தவும் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். ஈக்கு உலகம் ஸ்லோமோஷனில் தெரிகிறது என்று எழுதுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள். அளக்கப்பட்டது கண்ணும் மூளையும் ஒரு நொடியை எத்தனை கூறாகப் பிரிக்கும் என்பது மட்டுமே. ஈக்கு ஒரு நொடி நீளமாகத் தோன்றுகிறதா என்பதை எந்த மின்முனையும் அளந்ததில்லை. அளந்து சொல்லக்கூடியது வேறொன்று: பெண் ஈயைத் துரத்தும் சிறிய வீட்டு ஈ, அவள் திரும்பிய 30 மில்லி நொடிக்குள் தானும் திரும்பிவிடுகிறது என்று 1974-இல் மைக்கேல் லேண்டும் தாமஸ் காலெட்டும் படமெடுத்துக் காட்டினார்கள். நாம் ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அங்கே பல திருப்பங்கள் முடிந்துவிடும்.

மிளகாய்க் காரமும் ஈயின் கண்ணும்

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? ஒளியை வாங்கும் செல்லின் வேதியியலிலிருந்து. ஈயின் ஒளி வாங்கும் செல்லின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்விரல்கள் ஆயிரமாயிரம் அடுக்கி நிற்கின்றன. பழ ஈயின் ஒரு செல்லில் மட்டும் ஏறக்குறைய 30,000. ஒளி பட்டதும் நடக்க வேண்டிய வேதிவினைக்கான அத்தனை மூலக்கூறுகளும் அந்தக் குறுகிய விரலுக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. செய்தி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒளி விழுந்த சில மில்லி நொடிகளில் செல்லின் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து, மின்னூட்டமுள்ள அயனிகள் உள்ளே பாய்கின்றன.

அந்த வாயிலைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு குறையுள்ள பழ ஈ. 1969-இல் எடின்பரோவில் காசன்ஸ், மேனிங் என்ற இரு ஆய்வாளர்கள், பிரகாசமான வெளிச்சத்தில் குருடுபோல நடந்துகொள்ளும் ஒரு பழ ஈ வகையை விவரித்தார்கள். அதன் கண், ஒளி பட்டதும் ஒரு கணம் பதில் சொல்லும். ஒளி தொடர்ந்தால் பதில் வற்றிப்போகும். எந்த மரபணு கெட்டதால் இப்படி என்பது 1980-களில் தெரிந்தது. கிரெய்க் மாண்டெலும் ஜெரால்ட் ரூபினும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மரபணு உருவாக்கும், டிஆர்பி என்று அழைக்கப்படும் வாயிலின் சொந்தங்கள் மனித உடலிலும் ஏராளமாக இருப்பது பிறகு தெரியவந்தது. மிளகாயைக் கடித்ததும் நாக்கு எரிவது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாயில் திறப்பதால்தான். அதை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சமையலறைக் காரமும் ஈயின் பார்வையும் ஒரே வம்சத்து வாயில்கள் வழியே நடக்கின்றன என்பது, அடிப்படை ஆராய்ச்சி எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேரும் என்பதற்கு நல்ல சாட்சி.

கேம்பிரிட்ஜில் ரோஜர் ஹார்டி, கிறிஸ்டியன் ஃபிரான்ஸ் இருவரும் 2012-இல் இன்னொரு வியப்பைச் சேர்த்தார்கள். ஒளி பட்டதும் பழ ஈயின் ஒளி வாங்கும் செல் உண்மையாகவே சுருங்குகிறது. சவ்விலிருந்து ஒரு கொழுப்பு மூலக்கூறு வெட்டப்படுவதால் சவ்வு இறுகி, அந்த இழுப்பும் வாயில் திறக்க உதவுகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

வேகத்துக்குக் கட்டணம்

இவ்வளவு நல்லதென்றால் எல்லாப் பூச்சிகளுக்கும் வேகக் கண் ஏன் இல்லை? வேகத்துக்கு இரண்டு கட்டணங்கள் உண்டு.

முதல் கட்டணம் சக்தி. வேகமாகத் திறக்கும் வாயில்களை வேகமாக அடைக்கவும், உள்ளே வந்த அயனிகளை வெளியேற்றவும் செல் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊது ஈ சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு நெருங்கிய அளவைக் கண்களின் ஒளி வாங்கும் செல்களே விழுங்குகின்றன. சைமன் லாஃப்லினும் மட்டி வெக்ஸ்ட்ரோமும் 1993-இல் பல ஈ வகைகளை ஒப்பிட்டார்கள். விர்ரென்று பறப்பவற்றின் செல்கள் வேகமாகவும், நீளக்கால்களோடு மெல்ல மிதக்கும் வகைகளின் செல்கள் மெதுவாகவும் இருந்தன. வாழ்க்கைக்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும்தான் செலவு. பிற்கால ஆய்வில், வேகமும் திறமும் கூடிய செல் இருட்டில் வேலையில்லாமல் இருக்கும்போதும் கூடுதல் சக்தி தின்கிறது என்று லாஃப்லின் குழு காட்டியது. தேவைக்கு மேல் நல்ல கண்ணை வைத்துக்கொள்வது நட்டம்.

இரண்டாவது கட்டணம் ஒளி. ஒரு நொடியை 200 கூறாக வெட்டினால் ஒவ்வொரு கூறுக்கும் போதுமான ஒளித்துகள் விழ வேண்டும். பகலில் பஞ்சமில்லை. இரவில் வெட்டுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால் இரவாடிகளின் கண் அவசரப்படுவதில்லை. கிடைத்த துகள்களைச் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறது. நம் சமையலறையில் விளக்கைப் போட்டதும் சிதறி ஓடும் கரப்பானின் கண் அப்படிப்பட்ட மெதுக் கண்தான். பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு செல்லுக்குப் பத்து நொடிக்கு ஒரு ஒளித்துகள்கூட விழாத இருட்டிலும், நகரும் கோடுகளைக் கரப்பான் கண்டு திரும்பியது. ஆயிரக்கணக்கான செல்களின் பதிலை ஒன்றுகூட்டினால்தான் இது நடக்கும்.

இரவு வாழ்க்கைக்கு மாறிய தேனீக்களும் உண்டு. பனாமா காடுகளில் அந்தியிலும் விடியலுக்கு முன்னும் பறக்கும் மெகாலோப்டா தேனீயின் செல்கள், பகலில் பறக்கும் உறவுக்காரத் தேனீயின் செல்களை விட மெதுவானவை என்று எரிக் வாரண்ட் குழு அளந்தது. நம் நாட்டிலேயே இதற்கு உலகறிந்த உதாரணம் இருக்கிறது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் வண்டுத்தேனீ ஒன்று, நிலவில்லாத இரவிலும் பறக்கிறது. அதன் அறிவியல் பெயர் சைலோகோபா ட்ரான்குபாரிகா. டேனிஷ்காரர்கள் ஆண்ட நம் தரங்கம்பாடியின் பெயர் அதில் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பீமாசங்கர் சரணாலயத்தில் ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ், வாரண்ட் ஆகியோர் அதைப் பின்தொடர்ந்தார்கள். நட்சத்திர வெளிச்சத்தில், நமக்கு எல்லாம் கறுப்பாகத் தெரியும் நேரத்தில், அந்தத் தேனீ கூட்டின் வாசலில் வைத்த அடையாளத்தின் நிறத்தைப் பிரித்தறிந்தது என்று 2008-இல் எழுதினார்கள். பெரிய சிறுகண்களும் அகன்ற ஒளி வாங்கிகளும் அதற்குத் துணை.

விளக்குகள் யாருக்காக?

இப்போது வீட்டு விளக்குக்கு வருவோம். பழைய குண்டு பல்பில் இழை சூடேறித்தான் ஒளிரும். மின்சாரம் சுழியைத் தொடும் அந்தச் சிறு கணத்தில் சூடு முழுக்க ஆறிவிடாது. எனவே அதன் மங்கல் கொஞ்சம்தான். எல்இடி அப்படி இல்லை. மின்னோட்டம் குறைந்தால் ஒளியும் அதே கணத்தில் குறையும். அதற்குள் இருக்கும் டிரைவர் எனப்படும் சிறு மின்சுற்று நன்றாக இருந்தால் ஒளி நிஜமாகவே நின்று எரியும். மலிவாகச் செய்யப்பட்டிருந்தால் 100 ஹெர்ட்ஸில் ஆழமாக வெட்டும். இரண்டையும் நம் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் இந்தியாவில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போயின. தெருவிளக்குகளும் மாறிவருகின்றன. மின்சாரம் மிச்சமானது உண்மையான ஆதாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்தில், சிமிட்டல் என்ற கேள்வியை மனிதக் கண்ணோடு நிறுத்திக்கொண்டோம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த விளக்கு விதிகளில் சிமிட்டலுக்கு உச்சவரம்பு இருக்கிறது. அதுவும் மனிதர் உணர்வதை வைத்து வகுத்ததுதான். 2014-இல் ரிச்சர்ட் இங்கரும் கெவின் காஸ்டனும் சகாக்களோடு எழுதிய கட்டுரை, பல விளக்குகளின் சிமிட்டல் எத்தனையோ உயிர்களின் எல்லைக்குள் விழுகிறது, இதன் விளைவுகளை நாம் சரியாகத் தேடிப் பார்க்கவே இல்லை என்று எச்சரித்தது.

பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சாவதற்குக் காரணம் சிமிட்டல்தான் என்று சொல்லிவிடக் கூடாது. வானத்து வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறக்கும் பழக்கம் பூச்சிக்கு உண்டு. இரவில் விளக்கை வானமாக எடுத்துக்கொண்டு அதற்கு முதுகு காட்ட முயன்று சுற்றிச் சுற்றிச் சிக்குகிறது என்று 2024-இல் சாமுவேல் ஃபேபியன் குழு அதிவேகக் கேமராவால் காட்டியது. சிமிட்டல் தனிக் கேள்வி. காட்சியின் ஓட்டத்தை வைத்து வேகமும் தூரமும் அறியும் ஒரு பிராணிக்கு, காட்சியே துண்டுதுண்டாக வந்தால் கணக்கு எப்படிச் சரியாகும் என்பதே அது.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதற்குத் தேனீ ஆய்வுக்கூடங்களே சாட்சி. தேனீ, பம்பிள்பீ போன்றவற்றின் பார்வையைச் சோதிப்பவர்கள், சாதாரண சோக்கைக் கழற்றிவிட்டு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இயங்கும் மின்னணு சோக் பொருத்துகிறார்கள், அல்லது நேர்மின்னோட்டத்தில் விளக்கை எரிக்கிறார்கள். பூச்சிக்கு இயல்பான வெளிச்சம் கிடைக்காவிட்டால் சோதனையின் முடிவை நம்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். கூண்டுக்குள் இருக்கும் தேனீக்குக் காட்டும் இந்த அக்கறையைத் தோட்டத்துத் தேனீக்கும் காட்ட வேண்டாமா? பசுமைக்குடில்களில் விளக்கு போட்டுத் தக்காளி வளர்த்து, மகரந்தச் சேர்க்கைக்குப் பம்பிள்பீயைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும் நாடுகளில் இது விளைச்சலையே தொடும் கேள்வி.

நீங்களே பார்க்கலாம்

கைப்பேசி கேமராவை ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 படம் என்ற அளவில் வைத்து, இரவில் வீட்டு விளக்கைப் படமெடுங்கள். ஓட்டிப் பார்த்தால் சில விளக்குகள் படபடவென்று துடிக்கும், சில அசையாமல் நிற்கும். அருகருகே மாட்டிய இரண்டு எல்இடி பல்புகளுக்குள்ளேயே வேறுபாடு தெரியலாம்.

கேமரா இல்லாவிட்டாலும் வழி உண்டு. விளக்கு வெளிச்சத்தில் மெல்லிய வெள்ளைக் குச்சி ஒன்றை வேகமாக இடம் வலமாக ஆட்டுங்கள். ஒளி நின்று எரிந்தால் குச்சி வெள்ளை விசிறியாகக் கலங்கித் தெரியும். சிமிட்டினால் தனித்தனிக் குச்சிகள் வரிசையாக நிற்பதுபோல் தெரியும். குச்சியின் அசைவு நம் கண்ணின் எல்லையைக் கடந்து சிமிட்டலைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேனீ தன் பறத்தலால் செய்வதும் இதேதான்.

கேட்க வேண்டிய கேள்வி

பூச்சிகளைப் பாதிக்கும் காரணங்களில் பூச்சிக்கொல்லியையும் வாழிட அழிவையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இரவெல்லாம் தெருவை இருட்டாக்கவும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். சிமிட்டல் அப்படிப்பட்ட சிக்கல் இல்லை. சீரான மின்னோட்டம் தரும் டிரைவர் சந்தையில் இருக்கிறது. வாட்ஸ், லூமென், ஆயுள் என்று பெட்டியில் அச்சிடும் நிறுவனங்களால் சிமிட்டல் அளவையும் அச்சிட முடியும். அந்த அளவை நம் 60 ஹெர்ட்ஸோடு நிறுத்தாமல், வேகமான பூச்சிக் கண்ணின் 300 ஹெர்ட்ஸையும் கணக்கில் வைத்து வகுக்க முடியும். குழந்தைகளின் படிப்பறைக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அதனால் நன்மை உண்டே தவிர நட்டமில்லை.

மத்தில்டே ஹெர்ட்ஸ் காலம் தொட்டு இதுவரை தெரிந்துகொண்டது, ஒரு விளக்கு எப்படி எரிய வேண்டும் என்று முடிவுசெய்யப் போதும். கடையில் பல்பு வாங்கும்போது, “இது சிமிட்டுமா?” என்று கேளுங்கள். உங்கள் நகராட்சி அடுத்த தடவை தெருவிளக்கு டெண்டர் விடும்போது, சிமிட்டலுக்கு வரம்பு வைக்கும் ஒரே ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லி உங்கள் வார்டு உறுப்பினருக்கு எழுதுங்கள். ஒரு நொடியை 200 கூறாகப் பார்க்கும் உயிர்கள் டெண்டர் விண்ணப்பம் போட வராது. அவற்றின் கண்ணை அளந்து தெரிந்துகொண்டவர்கள் நாம்தான். அந்த வரியைக் கேட்டு வாங்குவதும் நம் பொறுப்புதான்.